மரதன் ஓடும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?



இல்ல விளையாட்டுப் போட்டிகள் நெருங்குகின்றன. 2024 மார்ச்சில் அம்பாறைக் கரையோரத்தில் மரதன் ஓடிய 16 வயது மாணவர் மரணமானதை நாம் யாரும் மறக்கவில்லை. இருந்தும் "ஓடக்குள்ள தண்ணி குடிக்காத, வயிறு பிடிக்கும்" என்ற பேச்சு மைதானங்களில் இன்னும் கேட்கிறது.

இது எங்கள் ஊரில் மட்டும் இருந்த பேச்சல்ல. 1904 ஓகஸ்ட் 30, அமெரிக்காவின் சென் லூயிஸ் ஒலிம்பிக் மரதன். 32 பாகை வெயில், புழுதிப் பாதை. அமைப்பாளர் ஜேம்ஸ் சலிவன், தண்ணீர் குறைந்தால் உடம்பு என்ன பாடுபடும் என்று பார்க்க விரும்பியவர். அதனால் தண்ணீர் வைத்த இடங்கள் ஒன்றிரண்டுதான். 32 பேர் ஓடி, முடித்தது 14 பேர். முதலிடம் பெற்ற தோமஸ் ஹிக்ஸ் குடிக்கக் கேட்டபோது கூட வந்தவர்கள் வாயை மட்டும் நனைத்துவிட்டு, முட்டை வெள்ளையில் ஸ்ட்ரிக்னைன் கலந்து கொடுத்தார்கள். எட்டிக்கொட்டையில் உள்ள அதே விஷம்! மனிதர் உயிர் பிழைத்ததே பெரிய காரியம்.

1912இல் ஸ்டொக்ஹோமில் போர்த்துக்கேய வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ வெயிலுக்குப் பயந்து உடம்பில் மெழுகு பூசி ஓடியதாகச் சொல்வார்கள். பாதி வழியில் விழுந்தார், மறுநாள் இறந்தார். ஒரு லீற்றர் வியர்வை காய்ந்தால் சுமார் 580 கிலோகலோரி சூடு உடம்பை விட்டுப் போகும். காயாமல் சொட்டினால் போகாது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்றிருக்கும் எங்கள் ஈரக்காற்றில் வியர்வை சொட்டத்தான் செய்யும். கச்சான் காற்றிலோ அது காய்வதே தெரியாது, தண்ணீர் போவதும் தெரியாது.

அதற்காகக் குடம் குடமாகக் குடிக்கவும் கூடாது. 2002 பொஸ்டன் மரதனில் ஓடிய ஒரு பெண், அளவுக்கு மீறிக் குடித்ததால் இரத்தத்தில் உப்புக் குறைந்து இறந்தார். தாகத்துக்குக் குடிக்கட்டும். நீண்ட ஓட்டம் என்றால் ஜீவனியும் நல்லது.

ஹஜ்ஜில் வெயிலில் சுருண்டவர்களுக்காக 1980 அளவில் வைனர், கோகாலி என்ற இரு மருத்துவர்கள் ஒரு கட்டில் அமைத்தார்கள். வலையில் படுக்கவைத்து நீரைத் தூவி, இளஞ்சூடான காற்றை வீசுவது. குளிர்காற்று பட்டால் தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்கிச் சூடு உள்ளேயே நின்றுவிடும் என்பதால்தான் அந்தச் சூட்டுக் காற்று. ஓட்டக்காரருக்கு அதைவிட வேகமானது ஐஸ் தண்ணீரில் இருத்துவது.

மீன் ஐஸ் எங்கள் கரையில் கிடைக்காத பொருளா? முடிவுக் கோட்டருகே பெரிய தொட்டியில் தண்ணீரும், பக்கத்தில் ஐஸ் பெட்டியும் இம்முறை வைக்கச் சொல்லிக் கேட்போம். விழுந்த பிள்ளை உளறினால், உடம்பு நெருப்பாய்ச் சுட்டால், வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். கழுத்துவரை தொட்டியில் இருத்தி, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு 1990க்கு அழையுங்கள்.