இருபத்தொன்றாவது குழந்தை

1985இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 79 பள்ளிகளில் ஒரு சோதனையைத் தொடங்கியது. மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை குழந்தைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சில வகுப்புகளில் 13 முதல் 17 பேர். மற்றவற்றில் 22 முதல் 25 பேர். நான்காண்டு முடிவில் சிறு வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தியிருந்தார்கள். கறுப்பினக் குழந்தைகளுக்கு ஆதாயம் இன்னும் கூடுதல். கல்வி ஆய்வில் இவ்வளவு தெளிவான விடை கிடைப்பது அரிது.

1996இல் கலிஃபோர்னியா அதைக் கையில் எடுத்தது. ஜூலையில் சட்டம், சில வாரங்களில் பள்ளித் திறப்பு. முப்பது பேர் வரை இருந்த தொடக்க வகுப்பை இருபதுக்குள் வைத்தால் குழந்தைக்கு 650 டாலர் மானியம்.

மாநிலம் முழுதும் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். வசதியான வட்டாரங்களில் திறந்த இடங்களுக்கு, ஏழை வட்டாரங்களில் பழகித் தேர்ந்தவர்கள் கிளம்பிப் போனார்கள். மேல்கண்மாயின் கலுங்கை உயர்த்தினால் கீழ்க்கண்மாய்க்கு வரத்து குறையும் அல்லவா, அதே கதைதான். அவர்கள் விட்டுப்போன வகுப்புகளுக்கு முழுத் தகுதி பெறாதவர்கள் வந்தார்கள். நூலகங்களும் இசை அறைகளும் வகுப்பறைகளாயின.

இருபத்தொன்றாவதாக ஒரு குழந்தை வந்து நின்றால்? அந்த ஒரு குழந்தைக்காக வகுப்பின் மானியமே கேள்விக்குள்ளாகும். ஆகவே இரண்டாம் வகுப்பில் மிஞ்சியவர்களையும் மூன்றாம் வகுப்பில் மிஞ்சியவர்களையும் ஒரே அறையில் சேர்த்துக் கலப்பு வகுப்பு அமைத்த பள்ளிகள் உண்டு. தலைமையாசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். விதியைப் படித்தார், பள்ளியைக் காப்பாற்றினார். மூன்றாம் வகுப்பு மதிப்பெண் சற்று உயர்ந்தது. அது சிறு வகுப்பின் பலன்தானா என்று ஆய்வாளர்களால் அறுதியிட முடியவில்லை.

1948இலேயே அமெரிக்கக் கணிதவியலாளர் வாரன் வீவர் இத்தகைய நிலைக்கு 'ஒழுங்கமைந்த சிக்கல்' என்று பெயரிட்டார். இரண்டு மூன்று காரணிகளைப் பிரித்து அளந்தால் விடை வராது. வாயு மூலக்கூறுகளைப் போலச் சராசரி எடுத்தாலும் வராது. 1984இல் நிறுவப்பட்ட சாண்டா ஃபே நிறுவனம் வளர்த்த சிக்கலமைவு அறிவியல் இன்னும் ஒன்றைச் சேர்க்கிறது: உறுப்புகள் ஒன்றையொன்று பார்த்துத் தம் நடையை மாற்றிக்கொள்ளும். டென்னசியில் 79 பள்ளிகள் மட்டும் மாறியதால் ஆசிரியர் சந்தை அசையவில்லை. கலிஃபோர்னியாவில் சந்தையே மாறிப்போனது. வகுப்பின் அளவைக் கொண்டுபோனார்கள். அது பலித்த சூழலைக் கொண்டுபோக வழியில்லை.

டென்னசி 1989இல் அடுத்த அடியை எடுத்து வைத்தபோது மாநிலம் முழுவதையும் தொடவில்லை. மிக வறிய மாவட்டங்களைப் பொறுக்கியெடுத்து, சிறு வகுப்புகளை அங்கே முதலில் அமைத்தது. அடுத்த ஆண்டுகளில் வாசிப்பிலும் கணக்கிலும் அம்மாவட்டங்கள் மாநில வரிசையில் மேலேறின.