உடலுறை காப்பு இயக்கம்: பொதுமக்கள் ஆதரவும் ஒற்றுமையும்

ஓர் இயக்கத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் கொள்கை மெய்யானதா என்பதையே முதலில் ஆராய்வர். ஆனால், கொள்கையின் மெய்மை நிறுவப்படுவதற்கு நூற்றாண்டுகள் செல்லக்கூடும் எனின், அவ்வியக்கம் எதனை ஆதாரமாகக் கொண்டு மக்களின் ஆதரவைத் தேடும்? இறந்தோரின் உடலை மிகத் தாழ்ந்த வெப்பநிலையிற் பேணிவைத்தால், வருங்கால மருத்துவம் அவர்களை மீள எழுப்பக்கூடும் என்னும் நம்பிக்கையில் 1960களில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றிய உடலுறை காப்பு இயக்கத்தின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

இவ்வியக்கத்தின் தந்தை எனப்படுபவர், மிச்சிகன் மாநிலத்திற் கல்லூரிப் பௌதிகவியல் ஆசிரியராக விளங்கிய றொபேட் எற்றிங்கர் ஆவர். 1946 இல் பிரெஞ்சு உயிரியலறிஞர் ஜோன் றொஸ்தான் கிளிசரினின் துணைகொண்டு தவளையின் விந்தணுக்களைக் குளிரிற் பேணியமை அவரது சிந்தனையைத் தூண்டியது. தம்மினும் புகழ்மிக்க ஒருவர் இக்கருத்தை முன்வைப்பார் என அவர் பல்லாண்டு காத்திருந்தார். எவரும் முன்வராமையால், 1960 இல் பிரமுகர் விபரத் திரட்டொன்றிலிருந்து ஏறத்தாழ 200 பேரைத் தெரிந்து, தம் கருத்தின் சுருக்கத்தை அவர்களுக்கு அனுப்பினார். பதிலிறுத்தோர் மிகச் சிலரே. 1962 இல் ‘இறவாமையின் வாய்ப்பு’ என்னும் பொருள்படும் நூலைத் தாமே அச்சிட்டார். 1964 இல் டபிள்டே நிறுவனம் அதனை வெளியிட்டது. நூல் அவருக்குப் புகழ் தேடித் தந்தது. எனினும் புகழ் வேறு, ஆதரவு வேறு என்பது விரைவிற் புலனாயிற்று.

இதே கருத்தைத் தனித்து வந்தடைந்த இவான் கூப்பர் என்பவர், 1963 இல் வாஷிங்டனில் ஆயுள் நீடிப்புச் சங்கத்தை நிறுவினார். நாடெங்கும் சிதறிக்கிடந்த ஆர்வலரைச் செய்தி மடலொன்றின் மூலம் ஒரே குடையின்கீழ்க் கொணர்வது அவர் நோக்கமாயிருந்தது. 1965 இல், முதலில் முன்வரும் ஒருவரைக் கட்டணமின்றி உறையவைப்பதாக அச்சங்கம் அறிவித்தது. அவ்வழைப்பினால் ஒருவரேனும் உறையவைக்கப்படவில்லை. இதற்கிடையில் 1965 இல் நியூயோர்க்கிலும் 1966 இல் மிச்சிகனிலும் கலிபோர்ணியாவிலும் தனித்தனிச் சங்கங்கள் எழுந்தன. ‘கிரையோனிக்ஸ்’ என்னும் பெயர் நியூயோர்க் குழுவினரால் வழங்கப்பட்டதாகும். ஒரே குடை என்னும் கூப்பரின் கனவு கலைந்தது. சில ஆண்டுகளில் அவரும் இயக்கத்தை விட்டு நீங்கினார்.

1967 ஜனவரி 12 இல் உளவியற் பேராசிரியர் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட்டின் உடல் கலிபோர்ணியாவில் உறையவைக்கப்பட்டது. அச்செயலில் முன்னின்றவர் அம்மாநிலச் சங்கத்தின் தலைவர் றொபேட் நெல்சன். பின்னர் சற்ஸ்வேர்த் நகர மயானமொன்றின் நிலவறையில் வேறு சிலரின் உடல்களையும் அவர் பேணத் தொடங்கினார். செலவுக்கு உறவினர் காலந்தோறும் அளிக்கும் பணமே ஆதாரம். துயரம் தணியத் தணியக் கொடையும் குன்றியது. பணம் நின்றதும் திரவ நைதரசன் வழங்கலும் நின்றது. உடல்கள் உருகியழிந்தமை உறவினருக்கு உடன் அறிவிக்கப்படவில்லை. 1979 இல் உண்மை வெளிப்பட்டது. 1981 இல் நீதிமன்றம் நெல்சனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இயக்கத்தின் எதிரிகள் செய்திருக்க இயலாத கேட்டினை அந்நிலவறை செய்துவிட்டது. அறிவியலாளரும் விலகியே நின்றனர். உறைதலின்போது பனிப் பளிங்குகள் கலங்களைச் சிதைக்கும் என்பது அவர்தம் முதன்மையான ஆட்சேபம். 1982 இல் தாழ்வெப்ப உயிரியற் சங்கம், இறந்தோரை மீட்கும் எதிர்பார்ப்புடன் உறையவைப்போருக்கு அங்கத்துவம் மறுக்க விதி செய்தது.

இத்தோல்வியிலிருந்து பெற்ற பாடமே இயக்கத்தைக் காத்தது எனலாம். 1972 இல் கலிபோர்ணியாவில் தோன்றிய அல்கோர் தாபனமும், 1976 இல் எற்றிங்கர் முன்னின்று மிச்சிகனில் அமைத்த கிரையோனிக்ஸ் நிலையமும் ஒன்றாக இணையவில்லை. கட்டணத்திலும் செய்முறையிலும் அவை வேறுபட்டன. ஆயினும் உறவினரின் மாதாந்தப் பணத்தை நம்பாது, ஆயுட் காப்புறுதி முதலியவற்றின் மூலம் முழுச் செலவையும் முற்கூட்டியே ஒதுக்கவேண்டும் என்னும் நெறி இரண்டுக்கும் பொதுவாயிற்று.

1987 இன் இறுதியில் டோரா கென்ற் என்னும் மூதாட்டியின் தலையை அல்கோர் உறையவைத்தபோது, மரண விசாரணை அதிகாரி அதனைப் பரிசோதனைக்காகக் கோரினார். அல்கோர் அதனைக் கையளிக்க மறுத்து நீதிமன்றம் சென்றது. 1988 இல் பாதுகாப்பு ஆணையும் பெற்றது. ஆயினும் புறவெதிர்ப்பினால் விளையும் ஒற்றுமை நெடிது நிலைப்பதில்லை. 1993 இல் அல்கோரிலிருந்து பிரிந்தோர் கிரையோகெயர் என்னும் வேறொரு தாபனத்தை அமைத்தனர். பத்தாண்டு நிறைவதற்குள் அதுவும் செயலொழிந்தது.

அவ்வாறாயின் இவ்வியக்கத்தில் ஒற்றுமையே இருந்ததில்லையா? பெட்ஃபோர்ட்டின் உடல் சென்ற வழி இதற்கு விடையாகும். அவர் குடும்பத்தினர் அதனை நெல்சனின் நிலவறைக்கு விடவில்லை. அது முதலில் அரிசோனா நிறுவனமொன்றிலும், பின்னர் கலிபோர்ணியாவில் வெவ்வேறு நிறுவனங்களிலும் இருந்தது. 1977 முதல் குடும்பத்தினரே அதனைப் பேணினர். 1982 இல் அல்கோரைச் சேர்ந்த கைகள் அதனை ஏற்றன. 1991 இல் புதிய கொள்கலனுக்கு மாற்றியபோது உடல் உறைந்த நிலையிலேயே இருந்தமை காணப்பட்டது. ஒரு கை தளர்ந்தவிடத்து மறுகை தாங்கியமையாலேயே அது எஞ்சியது.

எற்றிங்கர் 2011 இல் தமது 92 ஆவது வயதிற் காலமாகி, தாம் அமைத்த நிலையத்திலேயே உறையவைக்கப்பட்டார். இன்றுவரை உறையவைக்கப்பட்டோர் உலகெங்கும் சில நூற்றுவரே, எவரும் மீட்கப்படவில்லை, மீட்கப்படுவர் என்பதற்கு உறுதியுமில்லை. ஆயினும் இவ்வரலாறு உணர்த்தும் உண்மை அவ்வையத்தைச் சார்ந்ததன்று. வாக்குக் கொடுக்கப்பட்டவன் இறந்துவிட்டான். அவனால் வழக்குத் தொடரவோ நினைவூட்டவோ இயலாது. அத்தகையோனுக்குக் கொடுத்த வாக்கு காக்கப்படுவதைக் கண்டபோதே உயிரோடிருப்போர் ஒரு சிலராயினும் இவ்வியக்கத்தை நம்பினர். நூல்களும் பேருரைகளும் ஆர்வத்தைக் கிளர்த்தின. ஆதரவைத் தேடித் தந்தது காக்கப்பட்ட வாக்கே.