உட்செவியில் விழுந்த முற்றுப்புள்ளி

"காது கேக்கலையா?" என்று வகுப்பில் எத்தனை முறை அதட்டியிருப்போம்! சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கேட்பதில்லை.

1851-இல் இத்தாலியரான அல்ஃபோன்சோ கோர்ட்டி, நத்தை ஓடு போல் சுருண்ட உட்செவிக்குள் உணர்வணுக்கள் இருப்பதை நுண்ணோக்கியில் கண்டு விவரித்தார். ஒலி அவற்றின் மயிரிழைகளை அசைக்கும்போது பொட்டாசியம் அயனிகள் உள்ளே பாயும்; மூளைக்குச் செய்தி போகும். பாய்ந்த பொட்டாசியம் திரும்பிச் செல்ல வழியமைப்பது கனெக்சின் 26 என்னும் புரதம். அதன் மரபணு பழுதானால் பிறவியிலேயே கேளாமை வரும் என்பது 1997-இல்தான் தெரிந்தது.

இப்புரதம் 226 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. இந்தியாவில் அதிகம் காணப்படும் பழுதில், 24-ஆவது இடத்திலேயே முற்றுப்புள்ளி விழுந்துவிடுகிறது. தொடங்கியதுமே நின்றுபோன வாக்கியத்துக்குப் பொருள் ஏது?

பெற்றோர் இருவருக்கும் நன்றாகவே காது கேட்கலாம். இருவரும் ஆளுக்கொரு பழுதான பிரதியைத் தந்தால்தான் பிள்ளைக்குக் கேட்காது. தோட்டத்துக் காலந்தொட்டு நம்மிடையே உள்ள மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் அந்த வாய்ப்பு கூடும்.

ஆகவே, "அம்மா செஞ்ச பாவம்" என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். கடைசி வரிசையில் திருதிருவென விழிக்கும் பிள்ளையை அதட்டுவதற்கு முன், செவிச் சோதனைக்கு அனுப்புங்கள்.