ஹார்லெமில் முரசு கற்பித்த பெரியவர்

1739-இல் தென் கரோலைனாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முரசு கொட்டி ஆள் திரட்டிக்கொண்டே அவர்கள் நடந்ததைப் பண்ணை முதலாளிகள் மறக்கவில்லை. மறு ஆண்டே சட்டம் வந்தது. அடிமைகள் முரசு, கொம்பு போன்ற ஒலிக்கருவிகளை வைத்திருப்பதும் இசைப்பதும் குற்றமாயின. காலில் சங்கிலி போட்டவர்கள் கையிலிருந்த தோற்கருவியைக்கூட விட்டுவைக்கவில்லை.

அட்லாண்டிக்குக்கு அக்கரையில், அடிமைகளைக் கப்பலேற்றிய துறைமுகங்களுள் ஒன்று இன்றைய நைஜீரியாவின் படாக்ரி. அதற்கருகே அஜிடோ என்ற மீனவ கிராமத்தில் 1927-இல் பிறந்தவர் பாபாதுண்டே ஒலாதுன்ஜி. ரோட்டரி உதவித்தொகையோடு 1950-இல் அட்லாண்டா வந்து, மார்ட்டின் லூதர் கிங் படித்த அதே மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். தூதரக அதிகாரியாக வேண்டும் என்பது அவர் கனவு.

கல்லூரியில் அவருக்குக் காத்திருந்தது அதிர்ச்சி. உடன் படித்த கறுப்பின மாணவர்களே டார்ஜான் படத்தில் பார்த்ததைத்தான் ஆப்பிரிக்கா என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். பாட்டன் பூட்டன் வாழ்ந்த மண்ணைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல யாருமில்லை. அந்தக் குறையைத் தீர்க்க அவர் எடுத்துக்கொண்ட கருவி முரசு. பின்னர் நியூயார்க்கில் பொது நிர்வாகம் படித்துக்கொண்டே குழு ஒன்றைத் திரட்டினார். 1960-இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட அவரது 'டிரம்ஸ் ஆஃப் பேஷன்' இசைத்தட்டு அமெரிக்கா முழுவதும் ஒலித்தது. அதிலிருந்த ஒரு பாடலை 1969-இல் சந்தானா குழு தங்கள் பாணியில் இசைத்தது.

ஆனால் இசைத்தட்டைவிட அவர் நடத்திய பள்ளியையே நான் பெரிதாக மதிக்கிறேன். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், 125-ஆம் தெருவில், 1960-களில் ஆப்பிரிக்கப் பண்பாட்டு மையம் ஒன்றைத் தொடங்கினார். அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு முரசும் நடனமும் யொரூபா மொழியும் அங்கே கற்பிக்கப்பட்டன. சாக்ஸபோன் மேதை ஜான் கால்ட்ரேன் அந்த மையத்துக்குத் துணை நின்றார். 1967 ஏப்ரல் 23 அன்று அங்கேயே வந்து வாசித்தார். ஈரல் நோய் முற்றியிருந்த கால்ட்ரேன் அந்த ஜூலையில் மறைந்தார். பதிவாகியுள்ள அவரது கடைசி மேடை நிகழ்ச்சி அதுதான்.

ஒலாதுன்ஜி பாடம் எடுத்த முறை நமக்கு அந்நியமில்லை. ஆழ்ந்த அடிக்கு 'குன், துன்', திறந்த அடிக்கு 'கோ, தோ', அறைந்த அடிக்கு 'பா, தா'. ஒவ்வொரு ஜோடியிலும் முதல் சொல் வலக்கைக்கு, அடுத்தது இடக்கைக்கு. முதலில் வாயால் சொல்ல வேண்டும், பிறகுதான் கை தோலைத் தொடலாம். மிருதங்கம் கற்ற எவரும் இதைச் சொற்கட்டு என்று உடனே கண்டுகொள்வார். முதுமையிலும் ஊர் ஊராகப் போய் அவர் இப்படிக் கற்பித்தார். இனம், நிறம் பார்க்காமல் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தார்.

1991-இல் அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட் உருவாக்கிய 'பிளானட் டிரம்' தொகுப்பில் ஒலாதுன்ஜியோடு ஜாகிர் உசேனும் நம் விக்கு விநாயக்ராமும் வாசித்தார்கள். உலக இசைக்கென்று முதன்முறையாக வழங்கப்பட்ட கிராமி விருதை வென்றது அந்தத் தொகுப்பு.

2003 ஏப்ரல் 6 அன்று, 76-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், கலிஃபோர்னியாவில் ஒலாதுன்ஜி காலமானார். அடுத்த ஆண்டு 'டிரம்ஸ் ஆஃப் பேஷன்' அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. விநாயக்ராமின் கடத்துக்காக 'பிளானட் டிரம்' கேட்பவர்கள், இந்த இசைத்தட்டையும் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள்.

(தொடரும்)