புதிய வாடிக்கையாளரிடம் முன்பணம்: ஃப்ரீலான்சர்கள் அறிய வேண்டிய விதிகள்

இணையதள வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, ஒளிப்படம் எனத் தனித்து இயங்கும் ஃப்ரீலான்சர்கள், முன்பின் அறியாத வாடிக்கையாளரிடம் முன்பணம் கேட்பதற்குச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. மொத்தக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கேட்பது பரவலான வழக்கம். தொகையைக் கேட்பதைவிட, அதை எந்தப் பெயரில் பெறுகிறோம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வேலை பாதியில் நின்றால் முன்பணத்தை முழுவதுமாக வைத்துக்கொள்ளலாம் எனப் பலர் கருதுகின்றனர். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட தொகைக்கு மிகாமல், நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. டெல்லி வளர்ச்சி ஆணையத்திற்கு எதிரான கைலாஷ் நாத் வழக்கில் 2015இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மனையை மறு ஏலத்தில் அதிக விலைக்கு விற்றதால் ஆணையத்திற்கு இழப்பு ஏற்படவில்லை எனக் கூறி, பறிமுதல் செய்த முன்பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது. அது நில வழக்கு என்றாலும் அதன் அடிப்படை பிற ஒப்பந்தங்களுக்கும் பொருந்தக்கூடியது. எனவே, ‘முன்பணம் திருப்பித் தரப்படாது’ என்ற ஒற்றை வரியை மட்டும் நம்புவது போதாது. முன்பணம் எந்த முதற்கட்டப் பணிக்கான கட்டணம் என்பதை எழுத்தில் குறிப்பிடுவது பயனுள்ளது. மின்னஞ்சலில் பெற்ற ஒப்புதலும் சான்றாகும்.

ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் சேவை வழங்குநர்கள் (சில மாநிலங்களில் 10 லட்சம்) ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும். பொருள் விற்பனைக்கான முன்பணத்திற்கு 2017 நவம்பர் முதல் விலக்கு உண்டு. சேவைக்கு அந்த விலக்கு இல்லை. பணம் கைக்கு வந்த உடனேயே வரிப் பொறுப்பு தொடங்கிவிடும். 18 சதவீத வரிக்குரிய பணியில் வரியைத் தனியே குறிப்பிடாமல் 50,000 ரூபாய் பெற்றால், அதில் சுமார் 7,627 ரூபாய் வரிக்கே சென்றுவிடும். பெற்ற பணத்திற்கு வரவுச் சீட்டும், வேலை ரத்தானால் பணத்தைத் திருப்பியதற்கான சீட்டும் வழங்க வேண்டும். தொழில்முறைக் கட்டணத்திற்கு நிறுவனங்கள் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும்போது, வரம்பைத் தாண்டினால் முன்பணமும் அதில் அடங்கும்.

மீதித் தொகைக்கு வேறொரு பாதுகாப்பு உண்டு. கட்டணமில்லா உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு, 2006ஆம் ஆண்டு சட்டப்படி வாடிக்கையாளர் ஒப்பந்தத் தேதிக்குள், அதிகபட்சம் 45 நாட்களில் பணம் தர வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். தனி உரிமையாளராகத் தொழில் செய்வோரும் பதிவு செய்யலாம். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிவை முடித்துவிடுவது நல்லது.

இதற்கு நேர்மாறான மோசடியும் நடக்கிறது. வேலை தருவதாகக் கூறி, ‘பதிவுக் கட்டணம்’ என்றும் ‘பாதுகாப்பு வைப்புத்தொகை’ என்றும் ஃப்ரீலான்சரிடமே பணம் கேட்பவர்கள் உள்ளனர். முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து யுபிஐ பின் எண்ணை உள்ளிடச் சொல்வது மற்றொரு வகை. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்தால், பணம் கைமாறுவதற்கு முன் முடக்க வாய்ப்புள்ளது.