மூலபத்ரியும் அஞ்சலோட்டக்காரனும்

தக்கலை பக்கம் வர்றவங்க யாரும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பாக்காம திரும்ப மாட்டாங்க. கண்ணாடி மாதிரி பளபளக்குற கருப்புத் தரை, மர வேலைப்பாடு எல்லாம் காட்டுவாங்க. காட்ட முடியாத ஒரு சமாச்சாரமும் அந்தக் காலத்துல இருந்திருக்கு. அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

1795 வரைக்கும் திருவிதாங்கூருக்குத் தலைநகரம் இதுதான். மார்த்தாண்ட வர்மா (1729-1758) காலத்துல உள்ளே எட்டுவீட்டுப் பிள்ளைமார் பகை, வெளியே கடல்ல டச்சுக்காரன். 1741-ல குளச்சல்ல டச்சுக்காரனைத் தோற்கடிச்ச கதை நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான். இப்படிப்பட்ட இடத்துல எந்தச் சுவருக்குக் காது இருக்கும்னு யாருக்குத் தெரியும்? ராஜா, மந்திரி, ஒற்றர்கள் தங்களுக்குள்ள பேசிக்க ஒரு ரகசிய பாஷை வெச்சிருந்ததா வழிவழியா சொல்லி வர்றாங்க. பேரு மூலபத்ரி. சிலர் மூலபத்ரான்னும் சொல்வாங்க.

பெரிய மந்திரமெல்லாம் இல்லை. எழுத்துகளை ஜோடி ஜோடியா பிரிச்சு இடம் மாத்துறதுதான். அ வர்ற இடத்துல க, க வர்ற இடத்துல அ. அதே மாதிரி ச-ட, த-ப, ஞ-ண, ந-ம, ல-ஸ... இன்னும் சில ஜோடி உண்டு. மலையாள எழுத்துக்கு ஏத்த மாதிரி இருக்கும், நமக்குப் புரிய இது போதும். கால், கொம்பு, புள்ளி எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கும். ஆக கடல் 'அசஸ்' ஆயிடும். பணம் 'தஞந்'. தபால் 'பதாஸ்'. மறுபடி அதே அட்டவணையைப் போட்டா பழைய சொல் திரும்ப வந்துடும். பொட்டி தட்டுற நம்ம சாதிசனத்துக்கு இப்பவே பொறி தட்டியிருக்குமே... ஆமா, 'ராட்-13' தான்! :-)

இது நம்ம ஊர்லயே முளைச்சதும் இல்லை. காமசூத்திரம் சொல்ற 64 கலைகள்ல ரகசியமா எழுதுறதும் பேசுறதும் ஒண்ணு. அந்த நூலுக்கு யசோதரர் எழுதின ஜயமங்களா உரையில 'மூலதேவீயம்'னு ஒரு முறை வருது. கிட்டத்தட்ட இதே ஜோடிகள். வடக்கே ஏட்டுல கிடந்ததை திருவிதாங்கூர்க்காரங்க நாக்குல ஏத்திப் புழக்கத்துக்குக் கொண்டு வந்துட்டாங்க. எழுதி மாத்துறது யாருக்கும் வரும். தடுக்காம வேகமா பேசணுமே, அதுக்கு சின்ன வயசுல இருந்தே பழகணும்.

கணினி படிச்சவன் கண்ணோட பாத்தா இது ரொம்பப் பலவீனமான பூட்டு. எந்த எழுத்து எத்தனை தடவை வருதுன்னு எண்ணியே இந்த மாதிரிப் பூட்டை உடைக்கலாம்னு ஒன்பதாம் நூற்றாண்டுலயே பாக்தாத்ல அல்-கிந்தி எழுதி வெச்சிட்டார். அதைவிட மோசம், இதுல சாவின்னு தனியா ஒண்ணு இல்லவே இல்லை. அட்டவணை ஒருத்தனுக்குத் தெரிஞ்சா மொத்தமும் போச்சு. முறை எதிரி கையில சிக்கினாலும் சாவி மட்டும் சிக்காத வரைக்கும் ரகசியம் நிக்கணும்னு கெர்க்காஃப்ஸ் எழுதினது 1883-ல.

ஆனா நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். சந்தையில பக்கத்துல நின்னு ஒட்டுக் கேக்குறவனுக்கு உக்காந்து எழுத்தை எண்ணிப் பாக்க நேரம் ஏது? அந்த ஆளுக்கு இந்தப் பூட்டு போதும். யாருகிட்ட இருந்து மறைக்கிறோம்ங்கிறதைப் பொறுத்துதான் பூட்டோட பலம்.

இன்னைக்குப் பூட்டுக்குப் பஞ்சமில்லை. 1977-ல ஆர்எஸ்ஏ வந்தப்ப கதையே தலைகீழா மாறிப்போச்சு. முறை ஊரறிய வெளியாச்சு, சாவி மட்டும்தான் ரகசியம். அதுலயும் பாதிச் சாவியை ஊருக்கே கொடுக்கலாம். 1991-ல ஃபில் ஸிம்மர்மேன் பிஜிபியை இலவசமா வெளியிட்டார். ஆயுதத்தை ஏற்றுமதி பண்ணினவர் மாதிரி அமெரிக்க அரசு அவரை 1996 வரைக்கும் விசாரிச்சுது. அந்த நிரலை 1995-ல புத்தகமாவே அச்சடிச்சுட்டாங்க, புத்தகத்தைத் தடுக்க முடியாதே! 2016 ஏப்ரல்ல வாட்ஸப் முழுசா மறையாக்கத்துக்கு மாறின பிறகு, மறையாக்கம்ங்கிற சொல்லே தெரியாத நம்ம ஆச்சிகூட மார்த்தாண்ட வர்மாவோட ஒற்றனைவிட ஆயிரம் மடங்கு பத்திரமா பேசிட்டிருக்காங்க.

சரி, அப்ப எல்லாம் முடிஞ்சுதா? இங்கதான் அஞ்சலோட்டக்காரன் வர்றான்.

திருவிதாங்கூருக்குன்னு தனித் தபால் இருந்தது, அதுக்குப் பேரே அஞ்சல். 1951-ல இந்தியத் தபாலோட சேர்ற வரைக்கும் தனியாவே ஓடிச்சு. (சென்னை மாகாணம் 'தபால் தபால்'னு கிடந்த காலத்துலயே நாங்க அஞ்சல்னு சொன்னோம் வே!) மணி கட்டின கோலோட ஓட்டக்காரன் பையைத் தூக்கிட்டு ஓடுவான், அடுத்த நிலையில இன்னொருத்தன் வாங்கிட்டு ஓடுவான். நீங்க கடுதாசிக்குள்ள மூலபத்ரியில எழுதலாம், ஆனா கவர் மேல முகவரியை மூலபத்ரியில எழுத முடியுமா? போய்ச் சேராது. யாரு யாருக்கு, எப்ப, எத்தனை தடவை எழுதுறாங்கன்னு அஞ்சலாபீஸ்ல இருக்கிறவனுக்குத் தெரிஞ்சே தீரும்.

இணையத்துலயும் அதே கதைதான். உள்ளே இருக்கிற சேதி பூட்டிக் கிடக்கு, ஆனா கவர் பளிச்சுன்னு வெளியே தெரியுது. உங்க ஐபி முகவரி, நேரம், எந்தத் தளம்... இது எல்லாம் இணைப்பு கொடுக்கிறவன் பதிவேட்டுல இருக்கும். 'என்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு'ன்னு கேக்குற ஆட்களுக்கு நான் வழக்கமா சொல்ற கதை ஒண்ணு: 2007-ல ஆர்க்குட்ல சிவாஜியைப் பத்தி யாரோ அவதூறா போட்டாங்க. ஐபி முகவரியை வெச்சு, பெங்களூர்ல நம்மள மாதிரி ஒரு மென்பொருள்காரரை புனே போலீஸ் பிடிச்சுட்டுப் போனாங்க. இணைப்பு கொடுத்த நிறுவனம் காட்டின ஆளு தப்பான ஆளு. அது தெரிஞ்சு வெளியே வர்றதுக்குள்ள மனுஷன் 50 நாள் ஜெயில்ல இருந்துட்டார். அவர் எதையும் ஒளிக்கலை, எதையும் எழுதவும் இல்லை!

கவரை மறைக்கிறதுக்கு வந்ததுதான் டோர். 1990-கள்ல அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்துல முளைச்ச யோசனை. அஞ்சலோட்டத்தை வெச்சே சொல்றேன். கோட்டாறுல இருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு கடுதாசி. கவருக்குள்ள கவர், அதுக்குள்ள இன்னொரு கவர். தக்கலைக்காரன் முதல் கவரைப் பிரிச்சா 'குழித்துறைக்குக் கொடு'ன்னு மட்டும் இருக்கும். குழித்துறைக்காரன் பிரிச்சா 'நெய்யாற்றின்கரை'. கடைசி ஆளுக்கு யாருக்குப் போகுதுன்னு தெரியும், யாரு அனுப்பினதுன்னு தெரியாது. முதல் ஆளுக்கு அனுப்பினவனைத் தெரியும், எங்க போகுதுன்னு தெரியாது. ஒவ்வொரு கவருக்கும் தனித்தனிப் பூட்டு. மெதுவாத்தான் போகும். டோர்ல போய் சொந்தப் பேர்ல உள்நுழைஞ்சா அத்தனை கவரும் வீண், கேட்டியளா?

விபிஎன் இதுக்கு மாற்று இல்லை. அங்க ஓட்டக்காரன் ஒரே ஒருத்தன், அவனுக்கு ரெண்டு பக்கமும் தெரியும். 2022 ஏப்ரல்ல செர்ட்-இன் போட்ட உத்தரவு, வாடிக்கையாளர் விவரத்தை விபிஎன்காரங்க 5 வருஷம் வெச்சிருக்கணும்னு சொல்லிச்சு. பல நிறுவனங்கள் இந்தியாவுல இருந்த வழங்கிகளை எடுத்துட்டுப் போனாங்க. பக்கத்து டீக்கடை வைஃபைல பேங்க் வேலை பாக்கறீங்கன்னா விபிஎன் சரி, அதைப் போட்டா யாருக்கும் தெரியாம மறைஞ்சுடலாம்னு நினைச்சா தப்பு.

இந்தக் கவர் சண்டை நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தது. 2018-ல சமூக வலைத்தளக் கணக்கோட ஆதாரை இணைக்கணும்னு போட்ட வழக்கு, போகப் போக 'வாட்ஸப் சேதியை முதல்ல அனுப்பினவனைக் காட்டு'ங்கிற கேள்வியா மாறிச்சு. முடியும்னு சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி 2019-ல ஒரு வழி சொன்னார். வழக்கு பிறகு உச்ச நீதிமன்றம் போயிடுச்சு. 2021 ஐடி விதிகள் அதே கோரிக்கையைச் சட்டத்துல எழுதிடுச்சு, வாட்ஸப் மே மாசமே டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னா இந்தியாவை விட்டே போயிடுவோம்னு 2024 ஏப்ரல்ல அதே கோர்ட்டுல சொன்னாங்க.

அரசு தரப்பு வாதத்துல நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன், வதந்தியால ஆட்களை அடிச்சுக் கொன்ன நாடு இது. ஆனா அனுப்பினவன் பேரு எல்லாச் சேதியிலயும் ஒட்டியிருந்தா, 2007-ல நடந்தது மறுபடி நடக்க ஒரு தப்பான வரி போதும்.

பி.கு: கல்குளம், விளவங்கோடு பக்கம் வீட்டுப் பெரியவங்க யாராவது மூலபத்ரி பேசிக் கேட்டிருந்தா கட்டாயம் எழுதுங்க மக்கா. 'ள', 'ற'வுக்கு அவங்க என்ன ஜோடி வெச்சிருந்தாங்கன்னு தெரிஞ்சுக்கணும்.