பினாங்கு ஃபெர்ரி: பாலம் வந்த பிறகும் ஓடிய படகு

"பினாங்குப் பாலம் வந்ததும் ஃபெர்ரி சேவை முடிந்துவிட்டது" என்று விடைத்தாளில் எழுதும் மாணவர்கள் பலர். இந்த ஒரு வரியை ஆண்டுகளை வைத்துச் சரிபார்த்துப் பாருங்க. பாலம் திறந்தது 1985. கார் ஏற்றும் பழைய ஃபெர்ரிகள் நின்றது 2020 டிசம்பர் கடைசியில். நடுவில் 35 ஆண்டுகள்! அப்படியானால் காரணம் பாலம் மட்டும்தானா?

முதலில் தேவை எப்படி வந்தது என்று பாருங்கள். 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் காலடி வைத்தார். 1800இல் எதிர்க்கரையும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆட்சி ஒன்று, கரை இரண்டு, நடுவே கடல். சம்பான்களில் கடந்த மக்களுக்கு 1894இல் குவா பெங் கீ முறையான நீராவிப் படகுச் சேவை தொடங்கினார். 1920களில் துறைமுக வாரியம் அதை ஏற்று, மோட்டார் வண்டிகளையும் ஏற்றியது.

இன்னொரு சான்று வெல்ட் கீயில் நிற்கிறது. 1907இல் எழுந்த, மணிக்கூண்டுள்ள மலாயா ரயில்வே கட்டடம். தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம்! அங்கே டிக்கெட் வாங்கி, படகேறி, அக்கரை போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டும். ரயில் பயணத்தின் முதல் பகுதியே படகுதான். அதே துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கிய தமிழர்களின் கோயில்தான் 1833இல் எழுந்த குவீன் வீதி மகாமாரியம்மன் கோயில் என்பதையும் வகுப்பில் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாலம் காருக்கு வழி தந்தது. ஆனால் கார் இல்லாதவர் என்ன செய்வார்? பட்டர்வொர்த்தில் ரயிலோ பஸ்ஸோ விட்டு இறங்குபவர், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் எல்லாம் ஃபெர்ரியைத்தான் நம்பினார்கள். கூட்டம் குறையவில்லை என்பதற்குத் துயரமான சாட்சியும் உண்டு. பாலம் திறந்து மூன்றாவது ஆண்டு, 1988 ஜூலை 31. திருவிழாக் கூட்டம் நிரம்பிய பட்டர்வொர்த் ஃபெர்ரி முனையத்தின் மேல்தளம் இடிந்து 32 பேர் இறந்தனர். இதை வெறும் ஆண்டுக் கணக்காக மனப்பாடம் செய்யாதீங்க. பொதுமக்கள் கூடும் இடத்தின் பாதுகாப்பு யார் பொறுப்பு என்ற கேள்வி அதில் இருக்கிறது.

பிறகு கப்பல்களுக்கு வயதானது. பராமரிப்புச் செலவு கூடியது. 2014இல் இரண்டாம் பாலமும் வந்தது. 2021 முதல் நடைப்பயணிகளை விரைவுப் படகுகள் ஏற்றின. 2023 ஆகஸ்டில் நான்கு புதிய ஃபெர்ரிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் 250 பேரும் 50 மோட்டார் சைக்கிள்களும் போகலாம், கார் போக முடியாது. பழையவற்றுக்குத் தீவுகளின் பெயர். புதியவற்றுக்குத் தெலுக் பஹாங், தெலுக் கும்பார் என வளைகுடாக்களின் பெயர்.

ஆகவே விடையை இப்படி அமையுங்கள்: பாலம் ஃபெர்ரியை அழிக்கவில்லை, அதன் பயணிகளைப் பிரித்தது. கார் பாலத்துக்குப் போனது. நடப்பவரும் மோட்டார் சைக்கிள்காரரும் படகிலேயே நின்றார்கள். ஒரு நிகழ்வுக்கு ஒரே காரணம் என்று எழுதிவிட்டு, அடுத்த கேள்விக்குத் தாவிவிடாதீர்கள்.